புறக்கோட்டை என்றேன்

படிவத்தில் முப்பது கேள்விகள்.
சென்ற கிழமை படியேறச் சிரமமாக இருந்ததா?
களைப்பு? நித்திரை?
குடும்பத்துக்குப் பாரம் என்ற எண்ணம்?
இல்லை, கொஞ்சம், ஓரளவு, அதிகம்.
எழுபத்து மூன்று வயதில்
இதில் எது புற்று, எது வயது என்று
பிரித்து எழுத ஒரு கட்டம் இல்லை.
எல்லாவற்றுக்கும் 'கொஞ்சம்' என்று வட்டமிட்டேன்.
நாற்பது வருடம் கணக்கெழுதியவனுக்குச்
சராசரி போடத் தெரியும்.

குரல்வளையை எடுத்து ஒன்றரை வருடம்.
"நோய் இல்லை" என்று எழுதி
வைத்தியர் மூடிய கோப்பை
பொரளையில், மின்விசிறி முனகும் ஓர் அறையில்,
ஹன்சமாலி திறந்தாள்.
"காற்றை விழுங்குங்கோ அங்கிள்,
வயிற்றுக்குப் போக விடாதேங்கோ,
பாதி வழியில் ஏப்பமாய்ப் பிடியுங்கோ."
சபையில் அடக்கு என்று
சின்ன வயதில் குட்டு வாங்கிய சங்கதி.
இப்போது அதற்குத்தான் பயிற்சி, கிழமைக்கு இரண்டு நாள்.

முதலில் வருவது ப, ட, க.
அவளுடைய அட்டைகளில் சிங்களச் சொற்கள்.
எனக்கானதை நானே தேடினேன்.
கசடதபற. வாத்தியாரின் பிரம்பு
அறுபது வருடம் கழித்து உதவிற்று.
பக்கத்துக் கதிரையில் ஜெய்னுதீன்,
முந்தி நூற்று முப்பத்தெட்டாம் பஸ்ஸில் கண்டக்டர்,
"கொட்டுவ, கொட்டுவ" என்று
ஒரே நாளில் தேறிவிட்டார்.
அந்தச் சத்தம் தொண்டையில் இருந்ததே இல்லையாம்,
கத்தியால் எட்ட முடியாத இடத்தில் இருந்ததாம்.
எனக்கு மூன்று மாதம் பிடித்தது.
ஒரு புதன்கிழமை
தவளை கல்லில் விழுந்த மாதிரி வந்து விழுந்தது:
புறக்கோட்டை.

வெளியே ஓட்டோக்காரன், "எங்கே ஐயா?"
வெள்ளவத்தை, என்றேன்.
வெ போய், ள்ள போய்
"த்தை" மட்டும் அவனிடம் சேர்ந்தது.
"எங்கே?"
பின்னால் பஸ் ஹோன் அடித்தது.
புறக்கோட்டை, என்றேன்.
மீட்டரைப் போட்டான்.

நாலாம் குறுக்குத் தெருவில்
செத்தல் மிளகாய் மூட்டை அவிழ்க்கிறார்கள்.
நாட்டாமை முதல் முதலாளி வரை தும்முகிறார்கள்.
மூக்கோடு உறவு முறிந்த மூச்சு எனக்கு.
தும்மாமல் நின்றேன், துரை மாதிரி.
அரை நிமிடம்தான்.
பிறகு கழுத்துத் துளை இருமி
மூடிய துணி நனைந்தது.
ஒரு பொடியன் பார்த்தான், பார்க்காததுபோல் திரும்பினான்.
"என்ன வேணும்?"
கட்டா, என்றேன்.
"எவ்வளவு?"
கா.
கால் கிலோ நிறுத்துத் தந்தான்.
இரண்டாம் முறை கேட்கவில்லை.
அதைப் படிவத்தில் எந்த இலக்கத்துக்கு எதிரே
எழுதுவது?

நூறாம் பஸ்ஸில் எனக்கருகே
யாரும் உட்காரவில்லை.
கொள்ளுப்பிட்டி தாண்டித்தான் விளங்கியது,
கருவாடு. எனக்கு மணக்காது.

மூன்றாம் மாடி வாசலில் மனோன்மணி.
அந்தப் பெயரில் ஒரு வல்லினமும் இல்லை,
மாமா தேடித் தேடி வைத்திருக்கிறார்.
ஒன்றரை வருடமாகக்
கரண்டியால் கோப்பையைத் தட்டித்தான் கூப்பிடுகிறேன்.
"எங்க போனனீங்கள்? மூண்டு மணித்தியாலம்!"
புறக்கோட்டை.
அவள் வாய் திறந்தபடி நின்றாள்.
பிறகு பையை வாங்கி,
"இதை ஆர் கேட்டது?" என்றாள்.
கழுத்துத் துணியை மாற்றிக் கட்டினாள்,
வழமையைவிடக் கொஞ்சம் இறுக்கமாய்.

இரவு, கரையோர ரயில் போனபின்
முயன்று பார்த்தேன்: மணி.
ம உதட்டில் உடைந்தது,
ண மூக்குக்கு வழி தெரியாமல் திரும்பி வந்தது.
படி, என்று கேட்டது.
"என்னத்தைப் படிக்க?"
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
பேப்பரை விரித்து
மரண அறிவித்தலில் தொடங்கினாள்.
நான் திருத்தவில்லை.
நாலு பேர் செத்து முடியும் வரை கேட்டேன்,
ஒருவர் என்னிலும் இளையவர்.
மறுபடி சொன்னேன், படி.
அவள் பேப்பரைத் தாழ்த்தினாள்.
"ம்," என்றாள்.